காற்று போகிற பக்கம்

1927 பிப்ரவரி 6, ஞாயிறு. காலை ஆறு மணி நாற்பது நிமிடம். டின் பெட்டியை நான் இதுவரை திறந்தது இரண்டு தடவை.

முதல் தடவை தெரியாமல் திறந்தேன். இரண்டாம் தடவை சற்று முன்புதான். அறை ஜன்னலைச் சாத்தி, கதவிடுக்கில் வேட்டியைச் செருகிவிட்டுத் தெரிந்தே திறந்தேன். மூக்கை உள்ளே வைத்து ஒரே ஒரு மூச்சு இழுத்தேன். உடனே மூடிவிட்டேன். உள்ளே நீ இருந்தாய்.

செத்துப்போனவனுக்குக் கடிதம் எழுதுவதில் எனக்கு நம்பிக்கை இல்லை. ஆனால் பத்து மணிக்குள் ஒரு முடிவு எடுத்தாக வேண்டும். எந்த முடிவையும் நான் யாருடனாவது சண்டை போட்டுத்தான் எடுத்திருக்கிறேன். அந்த யாராவது எப்போதும் நீதான். அதனால் எழுதுகிறேன். குறுக்கே பேசாமல் கேள்.

பெட்டி எது என்று உனக்குத் தெரியும். சீமை பிஸ்கட் வந்த பெரிய சதுர டின். மூடியின் உள்விளிம்பில் பழைய சைக்கிள் ட்யூபை வெட்டி நான் ஒட்டிய ரப்பர் பட்டை. தண்ணீரில் முக்கிப் பார்த்தேன், ஒரு குமிழி வரவில்லை. நீ சிரித்தாய். "ஏன்டா இஞ்சினீரு, ஏரிக்கு மதகு கட்டச் சொன்னா என் மண்டைக்குக் கட்டுறியே" என்றாய். உன் மண்டைக்குத்தான் கட்டினேன். உன் மண்டைதான் நம் வேட்டையைக் கெடுத்துக்கொண்டிருந்தது.

மிங்கலாடோனுக்கு அப்பால், ரங்கூன் நகரத்துக்குக் குடிநீர் போகிற ஏரியில் எனக்கு ஓவர்சியர் வேலை கிடைத்த முதல் குளிர்காலம் அது. காவல் குடிசை ஒன்று, துப்பாக்கி லைசென்ஸ் ஒன்று, சுற்றிலும் காடு. துப்பாக்கி என் பெயரில், குறி உன்னுடையது. நான் சுட்டால் மூங்கிலுக்குத்தான் காயம். நீ துறைமுகத்தில் வின்ச் பிடிக்கிறவன். ஊசலாடுகிற அரிசி மூட்டைக் கட்டு எங்கே இறங்கும் என்று கண்ணாலேயே அளந்த பழக்கம். ஞாயிறு தவறாமல் ரயிலேறி வந்துவிடுவாய். ஏரி வேலிக்கு வெளியே போய் உட்காருவோம். வெறுங்கையுடன் திரும்புவோம்.

ஏன் வெறுங்கை என்று எனக்கு முதல் நாளே தெரிந்துவிட்டது. உனக்குத் தெரிய ஒரு சீசன் ஆயிற்று. அங்கே அதிகம் நடமாடுவது நம்மவர்கள் கேளையாடு என்கிற சின்ன மான். பர்மாக்காரர்கள் ஜீ என்பார்கள். ஆள் வாடை பட்டால் அது நாய் மாதிரி குரைக்கும். ஒன்று குரைத்தால் போதும், காடு முழுக்கச் சேதி போய்விடும், அன்றைய வேட்டை முடிந்தது. அசையாமல் இருந்தால் அதன் கண்ணை ஏமாற்றலாம். சுள்ளி முறிந்தால்கூட ஒரு நிமிடம் காதை நிமிர்த்திவிட்டு மறுபடி மேயும். மூக்கை மட்டும் ஏமாற்ற முடியாது. மூக்குக்கு ஒருமுறை எட்டிவிட்டால் அது திரும்பிப் பார்ப்பதுகூட இல்லை.

நான் இன்சின் தொழிற்பள்ளியில் நீரோட்டம் படித்தவன். காற்றும் தண்ணீர் மாதிரிதான் என்று குடிசைத் தரையில் கரியால் படம் போட்டுக் காட்டினேன். விடியற்காலையில் காற்று குளிர்ந்து கனத்திருக்கும். மேட்டிலிருந்து பள்ளம் பார்த்து வழியும். வெயில் சரிவில் பட்டதும் சூடாகி மேலே ஏறும். ஆகவே மான் மேட்டில் மேயும்போது நாம் விடியலில் பள்ளத்தில் இருக்க வேண்டும், வெயில் தொடுமுன் எழுந்து இடம் மாற வேண்டும். இவ்வளவுதான். நீ படத்தைப் பார்த்தாய். பிறகு மடியிலிருந்து கோயில் விபூதிப் பொட்டலத்தை எடுத்து ஒரு சிட்டிகை உதிர்த்தாய். அது பறந்த பக்கம் கை காட்டி, சாமியே காற்றைக் காட்டும்போது கரிக்கோடு எதற்கு என்றாய்.

பொட்டலத்தை வாங்கி முகர்ந்தேன். ஜவ்வாது. உன் பெரியப்பா கோயிலில் விபூதியில் ஜவ்வாது கலப்பார்கள். காற்று எந்தப் பக்கம் போகிறது என்று பார்க்க, காற்றோடு ஜவ்வாதை அனுப்பிக்கொண்டிருந்தாய். மானுக்கு ஆளனுப்பி நாங்கள் வந்திருக்கிறோம் என்று சொன்ன மாதிரி. நம் ஊர் ஆட்களைத் தவிர வேறு யாரும் இந்தத் தப்பைச் செய்ய முடியாது. நான் அன்று கத்திய கத்தலுக்கு மான் என்ன, ஏரியின் கொக்குகூட எழும்பிப் போயிற்று.

அதற்குப் பிறகு இலவம்பஞ்சு. வாசனை இல்லாதது. ஒரு இழையைப் பிய்த்து விட்டால் விபூதி மாதிரி கண்ணெதிரே மறையாது. வெகுதூரம் மிதந்து போகும்; நம் காலடியில் காற்று எப்படி, இருபது முழம் தள்ளி மரத்தடியில் எப்படி என்று நடந்து காட்டும். சட்டை இரண்டையும் சோப்பு போடாமல் வெறும் தண்ணீரில் கொதிக்க வைத்து, புதரில் காயப்போட்டு, மூங்கில் சருகும் மண்ணும் போட்ட சாக்கில் வைத்தேன். முந்தின நாள் முதல் சுருட்டு இல்லை, வெற்றிலை இல்லை. காலையில் கிணற்றுத் தண்ணீரில் குளியல். நீ ஏரியில் முழுக்குப் போடப் பார்த்தாய். ரங்கூன் முழுக்கக் குடிக்கிற தண்ணீர் என்று தடுத்தேன். குடிக்கட்டும், எனக்கென்று ஊரில் ஒரு பேர் வேண்டாமா என்றாய்.

எல்லாவற்றுக்கும் ஒப்புக்கொண்டவன் ஒன்றுக்கு மட்டும் ஒப்பவில்லை. உன் ரோஜா நிறப் பட்டுத் தலைக்கட்டு. பர்மாக்காரர்கள் கல்யாணத்துக்கும் திருவிழாவுக்கும் கட்டுகிற கௌங்பௌங். மா மியா உன்னைக் கட்டிக்கொண்ட நாளில் தன் கையால் உன் தலையில் சுற்றிவிட்டது. அதைக் கட்டிக்கொண்டுதான் மான் வேட்டைக்கு வருவாய். புதருக்குள் ஒரு மாப்பிள்ளை உட்கார்ந்திருப்பான், பக்கத்தில் நான் இருப்பேன்.

அந்தக் காலை நினைவிருக்கிறதா? பள்ளத்தில் உட்கார்ந்திருந்தோம். பஞ்சு நம் முகத்தைப் பார்த்து வந்தது, அதாவது காற்று மானிடமிருந்து நமக்கு. கொம்புள்ள ஜீ ஒன்று மூங்கில் ஓரம் வந்து நின்றது. உனக்கு அது இன்னும் கொஞ்சம் பக்கவாட்டில் திரும்ப வேண்டும். வெயில் மேட்டுச்சரிவில் இறங்குவதைப் பார்த்து உன் முழங்கையைத் தட்டினேன். இரு என்று விரலைக் காட்டினாய். நான் விட்ட அடுத்த பஞ்சு அப்படியே நின்றது. பிறகு மெல்லத் திரும்பி, உன் தலையைக் கடந்து, மேட்டைப் பார்த்து ஏறியது. அது மானிடம் போய்ச் சேருமுன் மான் குரைத்துவிட்டது.

 குடிசைக்கு வந்ததும் கேட்டேன்.

"தலைக்கு எண்ணெய் வச்சியா?"

"லேசா."

"லேசான்னா?"

"மா மியா வச்சுவிட்டா. வேணாம்னு சொல்ல முடியுமாடா?"

"மானுக்கு நாறுது."

"மானையாடா கட்டியிருக்கேன்?"

 அடுத்த வாரம் பெட்டியைச் செய்தேன். குடிசைக்கு வந்ததும் தலைக்கட்டைக் கழற்றி டின்னில் போட்டு மூட வேண்டும், சீயக்காய் போட்டுத் தலையைக் கசக்கி வெறும் தண்ணீரில் அலச வேண்டும், வேட்டை முடிந்தபின்தான் திறக்கலாம். இதுதான் நிபந்தனை. நீ முனகிக்கொண்டே தலையைக் கொடுத்தாய்.

வேலை செய்தது. அதை நீயும் மறுக்க முடியாது. அடுத்த முறை அதே பள்ளம், அதே விடியல். பஞ்சு நேராக நம் நெஞ்சுக்கு வந்தது. ஜீ அவ்வளவு கிட்டே வந்தது, அதன் கன்னத்தில் ஈ உட்கார்ந்து எழும்புவது தெரிந்தது. நம்மைப் பார்த்தது, பார்த்தும் மேய்ந்தது. கண் சொன்னதை மூக்கு ஆமோதிக்காததால் அதற்கு நாம் மனிதர்களாகவே படவில்லை. நீ உடனே சுடவில்லை. எனக்குப் பொறுமை போய்விட்டது. உன் விலாவில் குத்தலாமா என்று யோசித்தேன். பிறகு சுட்டாய். ஒரே வெடி, அது துடிக்கக்கூட இல்லை. ஏன் தாமதம் என்று கேட்டதற்கு, யாரோ ஒருத்தர் நம்மை நம்பிக்கொண்டு நிற்கிற மாதிரி இருந்தது, அதனால் சரியாக நிற்கட்டும், கோணலாகச் சுடக் கூடாது என்று பார்த்தேன் என்றாய். அதுதான் நீ. நான் காற்றைப் பார்த்தேன், நீ மானைப் பார்த்தாய்.

குடிசைக்கு வந்ததும் துப்பாக்கியைக்கூடத் துடைக்காமல் டின்னைத் திறந்தாய். தலைக்கட்டை முகத்தில் ஒற்றிக்கொண்டாய். "இப்பத்தான்டா நான் நானா இருக்கேன். காலையிலேருந்து யாரோ மாதிரி இருந்துச்சு" என்றாய். நான் அவசரப்பட்டு ரயிலுக்கு நேரம் என்றேன்.

கறியை மா மியாவிடம் கொடுத்தோம். அவள் மசாலாவும் மீன் ஊறலும் போட்டுச் சமைத்தாள், தான் ஒரு துண்டும் தொடவில்லை. "அடிச்ச பாவம் ரெண்டு பேருக்கும். சமைச்ச புண்ணியம் எனக்கு" என்று நம் தட்டில் தள்ளினாள். உன்னிடம் கற்ற தமிழில் உன்னையே அடிக்கிறவள்.

கடைசியாக நீ ஏரிக்கு வந்தது போன ஏப்ரல். காடெல்லாம் காய்ந்து, காலில் சருகு நொறுங்குகிற வெயில் காலம். டின்னில் தலைக்கட்டைப் போட்டு மூடினோம், கிளம்பவில்லை. குழாய்ப் பாதை வழியாகச் சைக்கிளில் வந்த ஆள் சேதி சொன்னான்: மா மியாவுக்கு வலி கண்டுவிட்டது. நீ வெறுந்தலையோடு அவன் சைக்கிளின் பின்னால் ஏறிப் போய்விட்டாய். அன்று மாலை பெண் பிறந்தது.

அடுத்த வாரம் கெமண்டைனில் உன் வீட்டுக்குக் குழந்தையைப் பார்க்க வந்தேன். படகுத்துறைப் பக்கம் திறந்திருந்த ஜன்னலடியில் உட்கார்ந்திருந்தாய். குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு ஒரே ஒரு குறை சொன்னாய்.

"இவளை மொத மொதல்ல தூக்குறப்ப தலையில ஒண்ணும் இல்லடா. மூட்டை தூக்க வந்தவன் மாதிரி நின்னேன். தலைக்கட்டோட தூக்கணும்னு இருந்தேன்."

நான் கொண்டுவருகிறேன் என்றேன். வேண்டாம், ட்ராம் கூட்டத்தில் நசுக்கிவிடுவாய், மழை விட்டதும் நானே வந்து எடுத்துக்கொள்கிறேன், கூடவே ஒரு ஜீயும் அடிப்போம் என்றாய்.

மழை தொடங்கியதும் என்னை ஊருக்குள் பம்பு நிலையத்துக்கு மாற்றினார்கள். மழை விடவில்லை. ஆகஸ்டில் உனக்குக் காய்ச்சல் வந்தது. ஆஸ்பத்திரியில் உன் கட்டிலருகே உட்கார்ந்திருந்தேன். கார்பாலிக் வாடை எல்லாவற்றையும் மூடியிருந்தது. நீ என் கையை முகர்ந்துவிட்டு, "சோப்பு போட்டுட்டு வந்திருக்கே. வேட்டை இல்லைல" என்றாய். அதற்குப் பிறகு நீ தெளிவாகப் பேசியது எனக்கு நினைவில்லை.

நடந்ததைச் சொல்கிறேன், உனக்குத் தெரியாது. ஏழாம் நாள் மா மியா தன் முறைப்படி மடத்துப் பிக்குகளுக்குச் சோறு போட்டாள். பதினாறாம் நாள் உன் பெரியப்பா நம் முறைப்படி காரியம் செய்தார். செத்தவர் துணியை வண்ணானுக்குக் கொடுப்பது நம் வழக்கம். அது நமக்குச் சொல்லித்தெரிய வேண்டியதில்லை, அதனால் யாரும் மா மியாவிடம் சொல்லவில்லை. பின்கட்டில் குழந்தையைக் குளிப்பாட்டிவிட்டு வந்து பார்த்தாள். கொடியில் ஒன்றும் இல்லை. நீ கடைசியாகப் போட்ட பனியன்வரை மூட்டை கட்டிப் போய்விட்டது. உன் பெரியப்பாவைக் குற்றம் சொல்ல முடியாது. அழுதுகொண்டேதான் கட்டினார். அவளையும் குற்றம் சொல்ல முடியாது. அவள் வழக்கத்தில் கேட்காமல் எடுத்துப்போக மாட்டார்கள்.

ஒரு மாதம் கழித்து என்னிடம் கேட்டாள்.

"அகோ, அவரு சட்டை எதுனா உங்ககிட்ட இருக்கா? தொவைக்காதது."

அண்ணனை அவர்கள் அப்படித்தான் கூப்பிடுவார்கள். உன் வேட்டைச் சட்டையை நான் மாற்றலாகி வரும்போது சாக்கோடு கொண்டுவந்திருந்தேன். ஓடிப்போய் எடுத்துவந்து கொடுத்தேன். அவள் அதை முகத்தில் வைத்துக்கொண்டாள். வெகுநேரம் வைத்திருந்தாள். பிறகு நான்காக மடித்து என்னிடம் திருப்பிக் கொடுத்தாள்.

"இது காடு. அவரு இல்ல."

என் முறை அவ்வளவு சரியாக வேலை செய்திருந்தது. சுவரில் உன் போட்டோ மாட்டியிருக்கிறது. பாப்பா பெரியவளானால் அதைக் காட்டலாம் என்றேன். காட்டலாம், அப்பாவின் வாசனை என்னவென்று கேட்டால் என்ன காட்டுவது, எனக்கே மறந்துகொண்டு வருகிறது என்றாள். நான் தொப்பியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன். 

டின் பெட்டி என் நினைவிலேயே இல்லை. போன வாரம் குடிசையைப் பிரிக்கப்போவதாகவும், என் சாமான் ஏதாவது இருந்தால் எடுத்துக்கொள்ளும்படியும் ஏரியிலிருந்து சொல்லி அனுப்பினார்கள். பரணில் பிஸ்கட் டின். தோட்டாவும் ஆணியும் இருக்கும் என்று நினைத்து மூடியை நெம்பினேன்.

தேங்காயெண்ணெய். சுருட்டு. உன் வியர்வை. பத்து மாதம், ஒரு முழு மழைக்காலம், ரப்பர் பட்டை ஒன்றையும் வெளியே விடவில்லை. மூடியை அறைந்து மூடிவிட்டுப் பரண் ஏணியிலேயே உட்கார்ந்துவிட்டேன். கூட வந்தவன் தேள் கொட்டிவிட்டதா என்று கேட்டான்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். மா மியா இன்று ஹென்சடாவுக்குப் போகிறாள். அம்மா வீட்டோடு. திரும்புகிற உத்தேசம் இல்லை. பத்து மணி லாஞ்ச், கெமண்டைன் துறையிலிருந்து. டின் கிடைத்ததை நான் அவளிடம் இன்னும் சொல்லவில்லை.

என் வாதத்தைக் கேள். பட்டில் ஏறிய வாசனை ஓர் அளவு உள்ள பொருள். திறக்கத் திறக்கக் குறையும். நான் திறக்க மாட்டேன், என்னிடம் இருந்தால் வருஷக்கணக்கில் தாங்கும். அவளிடம் போனால் தினமும் திறப்பாள், குழந்தை வாயில் வைத்துக் கடிக்கும், ஹென்சடாவின் புழுக்கத்தில் பூசணம் பிடிக்கும். மழைக்கு முன் தீர்ந்துவிடும். பாதுகாப்பது என்று பார்த்தால் நான்தான் சரியான ஆள். இன்னொன்று, எனக்கும் வேண்டும். நம் அப்பன்மார் ஒரே துறைமேடையில் மூட்டை தூக்கியவர்கள். நாம் ஒரே வரிசை வீட்டில் பிறந்தோம். இதைச் சொல்ல நான் வெட்கப்படவில்லை.

இந்த வாதத்தோடுதான் சற்று முன்பு இரண்டாம் தடவை திறந்தேன். உன் வாசனையைக் கணக்கெடுக்கிற எண்ணத்தோடு இழுத்தேன். தேங்காயெண்ணெய், சுருட்டு, வியர்வை, அதற்கும் அடியில் இன்னொன்று. குளிர்ச்சியாக, சந்தனத்துக்குக் கிட்ட. கொஞ்ச நேரம் பிடிபடவில்லை. பிறகு தெரிந்தது: தனக்கா. பர்மாப் பெண்கள் கன்னத்தில் அரைத்துப் பூசுகிற மரப்பட்டை. பூசிய கையோடு அவள்தான் உனக்குத் தினமும் தலைக்கட்டு கட்டிவிடுவாள். டின்னுக்குள் நீ தனியாக இல்லை. அவளும் இருக்கிறாள். நான் இல்லை.

நீ குறுக்கே பேசியிருந்தால் என்ன சொல்லியிருப்பாய் என்று தெரியும். பாப்பாவைத் தலைக்கட்டோடு தூக்க வேண்டும் என்று சொன்னேனே, காதில் விழவில்லையா என்றிருப்பாய். விழுந்தது.

உன்னோடு போன ஞாயிறெல்லாம் நான் செய்தது ஒரே வேலை. உன் வாடை எந்த மூக்குக்கும் எட்டாமல் காற்றைப் பார்த்து உன்னை உட்கார வைத்தேன். அந்த வேலை எனக்கு நன்றாகத் தெரியும். பஞ்சு இன்னும் சட்டைப் பையில் இருக்கிறது. பழக்கம் விடவில்லை, ட்ராமுக்குக் காத்திருக்கும்போதுகூட ஒரு இழை விட்டுப் பார்ப்பேன், பக்கத்தில் நிற்பவர்கள் விலகிக்கொள்வார்கள். மணி ஏழரை ஆகப்போகிறது. செய்யப்போவது:

1. பெட்டியை நான் மறுபடி திறக்க மாட்டேன். ரப்பர் பட்டையை ஒருமுறை விரலால் அழுத்திப் பார்த்துவிட்டுக் கயிறு போட்டுக் கட்டுவேன்.

2. எட்டு மணி ட்ராமில் கெமண்டைன். மடியில் வைத்துக்கொள்வேன். நசுக்க மாட்டேன்.

3. மா மியாவுக்கு மூடியை எப்படி அழுத்தி மூடுவது என்று காட்டுவேன். எத்தனை தடவை திறக்கலாம் என்று சொல்ல மாட்டேன்.

4. துறையில் ஆற்றுக்காற்று சுழலும். கூட்டத்தை விட்டுத் தள்ளி, கிடங்குச் சுவரின் மறைவில் இடம் பிடித்துப் பஞ்சு விடுவேன். அது ஒரே பக்கமாகப் போகும்வரை பொறுத்திருப்பேன். இந்த ஒரு தடவை அவசரப்பட மாட்டேன்.

5. பஞ்சு போகிற பக்கம் அவளையும் பாப்பாவையும் உட்கார வைத்து, பெட்டியை இந்தப் பக்கம் வைத்துத் திறக்கச் சொல்வேன். நான் பெட்டிக்குப் பின்னால் நிற்பேன், எனக்கு ஒன்றும் வராத பக்கம்.